பெல்டன், ஃபிரான்சிஸ், கப்லான்: எந்த டர்பைன் எங்கே, ஏன்?

மெக்_மூன்றாமாண்டு:

எல்லோருக்கும் வணக்கம். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஹைட்ராலிக் டர்பைன் பாடம் முடிந்துவிட்டது. புத்தகத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது. ஹெட், அதாவது தண்ணீர் இறங்கும் உயரம், 300 மீட்டருக்கு மேல் என்றால் பெல்டன், நடுத்தரம் என்றால் ஃபிரான்சிஸ், 60 மீட்டருக்குள் என்றால் கப்லான். தேர்வுக்கு இது போதும், எனக்குப் போதவில்லை.

மூன்றுமே 90 சதவீதத்தைத் தொடும் எஃபிஷியன்சி தருகின்றன என்கிறார்கள். அப்படியானால் பைக்காராவின் அடிவாரத்தில் கப்லானைப் போட்டால் என்ன ஆகும்? மேட்டூருக்குக் கீழே உள்ள காவிரிக் கதவணைகளில் பெல்டனைப் போட்டால் என்ன ஆகும்? ஓடவே ஓடாதா, ஓடியும் பயனில்லையா? இம்பல்ஸ், ரியாக்‌ஷன் (தாரையின் வேகத்தால் மட்டும் சுற்றுவது, அழுத்தத்தாலும் சுற்றுவது) என்ற வரையறை எனக்குத் தெரியும். அதற்குப் பின்னால் இருக்கும் காரணத்தை யாராவது சொல்லுங்கள்.

மோயாறு:

தம்பி, நல்ல கேள்வி. மலை மேல் உள்ள நீர்மின் நிலையங்களில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அட்டவணையை மூடி வைத்துவிட்டுக் கணக்கிலிருந்து ஆரம்பிப்போம்.

900 மீட்டர் ஹெட் என்று வைத்துக்கொள். 1932-ல் ஓட ஆரம்பித்த பைக்காரா நிலையம் நீலகிரி மேட்டிலிருந்து சிங்காராவுக்கு இறக்கும் உயரம் அதற்கும் கொஞ்சம் மேல். அவ்வளவு உயரத்திலிருந்து பென்ஸ்டாக் என்ற அழுத்தக் குழாய் வழியே வரும் தண்ணீரை நாசில் என்ற கூம்பிய முனையில் திறந்துவிட்டால், தாரையின் வேகம் விநாடிக்கு சுமார் 130 மீட்டர். பக்கெட், அதாவது சக்கர விளிம்பில் இருக்கும் கிண்ணம், அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் ஓடினால்தான் தண்ணீரிடமிருந்து முழுச் சக்தியையும் வாங்க முடியும். அப்படியானால் பக்கெட்டின் வேகம் 60 மீட்டர். சக்கரம் நிமிடத்துக்கு 600 சுற்று சுற்ற வேண்டுமென்றால் அதன் விட்டம் 1.9 மீட்டர் போதும். ஜெனரேட்டரும் கச்சிதமாக வரும். 50 மெகாவாட் எடுக்க விநாடிக்கு ஆறு கனமீட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் இருந்தால் சரி. இரண்டு தாரை அல்லது நான்கைந்து தாரையில் வேலை முடிந்துவிடும்.

இப்போது அதே பெல்டனைக் காவிரிக் கதவணைக்குக் கொண்டு போ. ஹெட் 6 மீட்டர், யூனிட் 15 மெகாவாட் என்று எடுத்துக்கொள்வோம். தேவைப்படும் தண்ணீர் விநாடிக்கு சுமார் 280 கனமீட்டர். தாரையின் வேகம் வெறும் பத்தரை மீட்டர். இவ்வளவு தண்ணீரையும் ஆறு தாரைகளாகப் பிரித்தால் ஒவ்வொரு தாரையின் விட்டமும் 2.4 மீட்டர் வரும். சக்கரத்தின் விட்டம் தாரையைப் போலப் பத்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆக 24 மீட்டர் சக்கரம், நிமிடத்துக்கு நான்கு சுற்று. 'ஓடவே ஓடாதா' என்று கேட்டாய் அல்லவா, ஓடும். ஆனால் அதைச் செய்யவும் முடியாது, செய்தாலும் நான்கு சுற்றில் ஜெனரேட்டர் ஓட்ட முடியாது.

இன்னொரு விஷயத்தைப் பாடத்தில் அழுத்திச் சொல்வதில்லை. பெல்டன் சக்கரம் காற்றில் சுற்ற வேண்டும். டர்பைனை விட்டு வெளியேறும் கால்வாயான டெயில்ரேஸின் தண்ணீர் அதைத் தொடக் கூடாது, தொட்டால் அதுவே பிரேக். அதனால் சக்கரத்தை டெயில்ரேஸ் மட்டத்துக்கு இரண்டு மூன்று மீட்டர் மேலே வைப்பார்கள். அந்த மூன்று மீட்டர் உயரம் வீண்தான். 900 மீட்டரில் மூன்று மீட்டர் போனால் யாருக்கும் தெரியாது. 6 மீட்டர் ஹெட்டில் மூன்று மீட்டர் போனால் பாதிச் சொத்து போய்விட்டது. உயரம் குறையக் குறையப் பெல்டன் தோற்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

பவானிக்கரை:

மோயாறு ஐயா சொன்னதன் மறுபக்கத்தை நான் சொல்கிறேன். ஆற்றுக் கதவணை நிலையங்களின் ஒப்பந்தப் பணிகளில் இருந்திருக்கிறேன். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று நான்கு கதவணைகள், ஒவ்வொன்றிலும் 15 மெகாவாட்டில் இரண்டு யூனிட். எல்லாமே பல்ப் டர்பைன். அதாவது கப்லானைப் படுக்கப் போட்டு, ஜெனரேட்டரை ஒரு நீர்புகாத கூட்டுக்குள் அடைத்து, தண்ணீரின் பாதை நடுவிலேயே வைத்துவிடுவது. தண்ணீர் வளையாமல் நேராக உள்ளே வந்து நேராக வெளியேறும். ஹெட் குறைவாக இருக்கும் இடத்தில் ஒவ்வொரு வளைவிலும் இழக்கும் சென்டிமீட்டர் கூடக் கணக்கில் வரும்.

பெல்டனில் நாசிலைத் தாண்டியதுமே தண்ணீரின் அழுத்தம் முழுவதும் வேகமாக மாறிவிடுகிறது. கப்லானிலும் ஃபிரான்சிஸிலும் அப்படி இல்லை. சுற்றும் சக்கரமான ரன்னர் முழுவதும் தண்ணீரில் மூழ்கியிருக்கிறது, அழுத்தம் ரன்னருக்குள்ளேயும் குறைந்துகொண்டே போகிறது. ரன்னரை விட்டு வெளியே வந்த தண்ணீருக்கு இன்னும் நல்ல வேகம் இருக்கும். அந்த வேகத்தை வீணாக்காமல் திரும்பப் பிடிப்பதற்குத்தான் டிராஃப்ட் டியூப். நாதஸ்வரத்தின் அணசு போலப் போகப் போக விரிந்துகொண்டே போகும் குழாய் அது. குழாய் விரிய விரிய வேகம் குறைகிறது, ரன்னருக்கு அடியில் ஓர் உறிஞ்சும் அழுத்தம் உண்டாகிறது, அதனால் டர்பைனுக்குக் கிடைக்கும் ஹெட் கூடுகிறது. பல்ப் டர்பைனில் ரன்னரை விட்டு வெளியேறும் தண்ணீரின் வேகச் சக்தி மொத்த ஹெட்டில் பெரிய பங்கு. டிராஃப்ட் டியூப் சரியில்லை என்றால் நிலையமே சரியில்லை.

இப்போது பைக்காராவில் கப்லான். ரன்னருக்கு அடியில் அழுத்தம் குறைகிறது என்றேன் அல்லவா? ஓரளவுக்குக் கீழே போனால் தண்ணீர் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிக் குமிழ் விடும். அந்தக் குமிழ்கள் இறக்கையின் மேல் உடைந்து எஃகைத் தின்றுவிடும். இதுதான் கேவிடேஷன். இதைத் தடுக்க ரன்னரை டெயில்ரேஸ் மட்டத்துக்குக் கீழே ஆழத்தில் வைக்க வேண்டும். எவ்வளவு ஆழம் என்பது ஹெட்டைப் பொறுத்தது. கப்லான் போன்ற வேகமான வடிவத்துக்கு 900 மீட்டர் ஹெட்டில் கணக்குப் போட்டால், டெயில்ரேஸுக்குக் கீழே பல நூறு மீட்டர் ஆழத்தில் ரன்னரைப் புதைக்க வேண்டிவரும். அதோடு 90 பார் அழுத்தத்தை நான்கைந்து இறக்கைகள் மட்டும் தாங்க வேண்டும். அந்த இறக்கைகளோ ஹப்புக்குள் ஒரு பிவட்டில் திரும்புகிறவை. லோடு, அதாவது மின் தேவை, திடீரென்று போனால் கப்லான் தன் வழக்கமான வேகத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் ஓடப் பார்க்கும். பெல்டன் ஏறக்குறைய 1.8 மடங்கோடு நின்றுவிடும். இதையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தால் 70 மீட்டரைத் தாண்டிக் கப்லான் ஏன் அரிது என்று புரியும்.

மெக்_மூன்றாமாண்டு:

ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி. அந்த 24 மீட்டர் சக்கரம் மனதில் நின்றுவிட்டது. அப்படியானால் ஸ்பெசிஃபிக் ஸ்பீடு என்று ஓர் எண் சொல்கிறார்களே, அதுவும் இதைத்தான் சொல்கிறதா? சூத்திரத்தை மனப்பாடம் செய்திருக்கிறேன். அதன் பொருள்தான் புரியவில்லை. ஒரு மீட்டர் ஹெட்டில் ஒரு கிலோவாட் கொடுக்கும் டர்பைனின் வேகம் என்ற வரையறை எந்த இடத்தில் பயன்படும்?

மோயாறு:

அதே விஷயம்தான், ஓர் எண்ணில் அடக்கியிருக்கிறார்கள். சுற்று வேகத்தை, கிலோவாட்டின் வர்க்கமூலத்தால் பெருக்கு. ஹெட்டின் 1.25 அடுக்கால் வகு. மேலே சொன்ன 50 மெகாவாட், 900 மீட்டர், 600 சுற்றுக்கு 27 வருகிறது. பவானிக்கரை தம்பியின் 15 மெகாவாட், 6 மீட்டர், 75 சுற்றுக்கு ஏறக்குறைய 980 வருகிறது. நடுவில் 50 முதல் 350 வரை ஃபிரான்சிஸின் இடம். சிலர் கிலோவாட்டுக்குப் பதில் குதிரைத்திறனில் கணக்கிடுவார்கள், எண் கொஞ்சம் மாறும். தேர்வில் அதைக் கவனித்துக்கொள்.

இதில் முக்கியமானது என்ன தெரியுமா? ஹெட்டும் மெகாவாட்டும் இடத்தால் முடிவாகின்றன. உன் கையில் மீதி இருப்பது சுற்று வேகம் மட்டும். அதுவும் 50 ஹெர்ட்ஸுக்குப் பொருந்தும் வேகமாக இருக்க வேண்டும்: 1000, 750, 600, 500, 428.6 என்று படிப்படியாகத்தான் போகும். வேகம் கூடினால் டர்பைனும் ஜெனரேட்டரும் சிறிதாகும், விலை குறையும். அதனால் எல்லோரும் வேகத்தைக் கூட்டத்தான் பார்ப்பார்கள். அதைக் கேவிடேஷன் ஒரு பக்கம் தடுக்கும், இரும்பின் வலிமை இன்னொரு பக்கம் தடுக்கும். அந்த இழுபறி எங்கே முடிகிறதோ அந்த எண்தான் ரன்னரின் வடிவம். எண் கூடக் கூட ரன்னரின் தோற்றம் எப்படி மாறுகிறது என்று படத்தில் பார். குறைந்த எண் கொண்ட ஃபிரான்சிஸ், தட்டையான வட்டு போல இருக்கும். எண் கூடும்போது ரன்னர் உயரமாகி, வாய் அகன்று, தண்ணீர் அச்சுக்கு இணையாகப் பாய ஆரம்பிக்கும். கடைசியில் வெளி வளையமே போய்க் கப்லானாகிவிடும். மூன்றையும் மூன்று தனி இயந்திரமாகப் படிக்காதே. ஃபிரான்சிஸுக்கும் கப்லானுக்கும் நடுவே சுவர் எதுவும் இல்லை. பெல்டன் மட்டும்தான் வேறு இனம்.

சட்லெஜ்கரை:

நான் தஞ்சாவூர்க்காரன். பல வருடங்களாக இமாச்சலப் பிரதேசத்தில் நீர்மின் வேலை. தம்பியின் முதல் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்துவிட்டது. ஆனால் நிஜ வாழ்க்கையில் யாரும் 900 மீட்டருக்குக் கப்லானா என்று யோசிப்பதில்லை. 200 மீட்டரிலிருந்து 600 மீட்டர் வரை பெல்டனும் போடலாம், ஃபிரான்சிஸும் போடலாம். சண்டையெல்லாம் அங்கேதான்.

இங்கே சட்லெஜ் ஆற்றில் நாத்பா ஜாக்ரி நிலையம் இருக்கிறது. ஹெட் 428 மீட்டர், 250 மெகாவாட்டில் ஆறு யூனிட், எல்லாமே ஃபிரான்சிஸ். அதே அளவுக்குப் பெல்டன் போட்டுக் கணக்குப் பார்த்தால் ஆறு தாரை வைத்தாலும் நிமிடத்துக்கு 190 சுற்றைத் தாண்டுவது கடினம். ஃபிரான்சிஸ் 300 சுற்றில் ஓடும். ஜெனரேட்டரின் எடை, குகையின் அகலம், கிரேனின் அளவு எல்லாமே அதற்கேற்பக் குறையும். முழு லோடில் ஃபிரான்சிஸின் எஃபிஷியன்சி இரண்டு மூன்று சதவீதம் கூடுதல். டிராஃப்ட் டியூப் இருப்பதால் கடைசி மீட்டர் வரை கணக்கில் வரும். காகிதத்தில் ஃபிரான்சிஸ் ஜெயிக்கிறது.

மழைக்காலத்தில்தான் கதை மாறும். சட்லெஜ் தண்ணீரில் குவார்ட்ஸ் மணல் நிறைய வரும். குவார்ட்ஸ் எஃகைவிடக் கடினம். ரன்னருக்குள் தண்ணீரைத் திருப்பிவிடும் கைடு வேன் தகடுகளின் ஓரம், ரன்னருக்கும் கவருக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் லாபிரிந்த் சீல், ரன்னரின் வெளியேறும் விளிம்பு எல்லாம் ஒரே பருவத்தில் அரித்துப்போகும். சீல் தேய்ந்தால் தண்ணீர் ரன்னரைத் தொடாமலேயே நழுவி வெளியே போகும். காகிதத்தில் வைத்திருந்த இரண்டு மூன்று சதவீதம் அங்கேயே போய்விடும். டங்ஸ்டன் கார்பைடு பூச்சு போடுகிறார்கள், உதவுகிறது. ஆற்றில் மணல் ஓர் அளவைத் தாண்டினால் நிலையத்தையே நிறுத்திவிடுகிறார்கள்.

பெல்டனும் அரிக்கும், அதை மறுக்கவில்லை. தாரையைக் கூட்டிக் குறைக்கும் ஊசியும் நாசிலும்தான் முதலில் போகும், அப்புறம் பக்கெட்டின் நடு விளிம்பு. ஆனால் அவற்றைக் கழற்றி மாற்றுவது எளிது. சக்கரம் கண்ணெதிரே இருக்கும். ஃபிரான்சிஸில் ரன்னரைத் தொட வேண்டுமானால் பல இடங்களில் ஜெனரேட்டர் ரோட்டரிலிருந்து கழற்றிக்கொண்டு வர வேண்டும். என் கருத்தைக் கேட்டால், மணல் ஆற்றில் 400 மீட்டருக்கு மேல் இருந்தால் பெல்டன்தான்.

பவானிக்கரை:

அண்ணா, இதை முழுக்க ஏற்க முடியவில்லை. மணல் பிடிக்கும் தொட்டியைச் சரியாகக் கட்டினால் பெரிய மணல் வராது. தப்பி வருவது நுண்மணல்தான். அதற்குப் பெல்டனும் இரையாகும், தாரையின் வேகம் ரொம்ப அதிகம் என்பதால். அரிமானம் வேகத்தின் மூன்றாம் அடுக்குக்குப் பக்கத்தில் ஏறும் என்று படித்திருக்கிறோம். அப்படியிருக்க, எப்போதும் பெல்டன்தான் என்று எப்படிச் சொல்வது?

சட்லெஜ்கரை:

அரிமானம் எதில் அதிகம் என்பது என் வாதம் இல்லை. அரித்த பிறகு எத்தனை நாள் நிற்கிறோம் என்பதுதான். இமயமலை ஆறுகளில் வருடத்துத் தண்ணீரில் பெரும் பங்கு அந்த நான்கு மாதத்தில் வருகிறது. அந்த நேரத்தில் ஒரு யூனிட் பழுதுக்கு நின்றால் போன தண்ணீர் போனதுதான். பக்கெட் சக்கரத்தை மாற்றி ஓட்டிவிட்டு, பழையதை வெல்டிங் செய்து அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். மணல் தொட்டி பற்றிச் சொன்னது சரி. ஆனால் கால் மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள துகளைத் தொட்டி பிடிக்காது, அதிலும் குவார்ட்ஸ் இருக்கிறது.

மோயாறு:

இருவரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் வேறு பக்கத்திலிருந்து பெல்டனுக்கு ஓட்டுப் போடுகிறேன். நம் நீலகிரித் தண்ணீர் தெளிவு, மணல் பிரச்சினை அவ்வளவு இல்லை. இங்கே பிரச்சினை லோடு.

மலை நிலையங்களை மாலை நேரத் தேவைக்காகத்தான் ஓட்டுகிறார்கள். கட்டுப்பாட்டு அறையிலிருந்து 'பத்து மெகாவாட் ஏற்று, இருபது இறக்கு' என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பெல்டனில் நான்கு தாரையில் இரண்டை மூடிவிட்டு இரண்டில் ஓட்டலாம். முழு லோடில் கால் பங்குக்கு இறங்கினாலும் எஃபிஷியன்சி அதிகம் சரியாது. லோடு ஒரேயடியாகப் போனாலும் பயமில்லை. முதலில் டிஃப்ளெக்டர் தாரையைத் திருப்பிவிடும், அப்புறம் ஊசி மெதுவாக மூடும். பென்ஸ்டாக்கில் வாட்டர் ஹேமர், அதாவது ஓட்டம் திடீரென்று நிற்பதால் எழும் அழுத்த அடி, வராது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான குழாய்க்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது பக்கத்தில் நின்றவனுக்குத் தெரியும்.

ஃபிரான்சிஸ் அப்படி இல்லை. வடிவமைத்த லோடுக்குப் பக்கத்தில் அதை யாராலும் வெல்ல முடியாது. பாதி லோடுக்கு இறங்கினால் ரன்னரிலிருந்து தண்ணீர் சுழன்றுகொண்டே வெளியேறும். டிராஃப்ட் டியூபில் ஒரு நீர்ச்சுழி கயிறு போல முறுக்கிக்கொண்டு சுற்றும். அழுத்தம் மேலும் கீழும் துடிக்கும், கட்டடம் அதிரும். ஒவ்வொரு ஃபிரான்சிஸ் யூனிட்டுக்கும் 'இந்த மெகாவாட்டுக்கும் அந்த மெகாவாட்டுக்கும் நடுவே நிற்காதே' என்று ஒரு தடை மண்டலம் எழுதி வைத்திருப்பார்கள்.

ரஷ்யாவில் சயானோ சுஷென்ஸ்கயா நிலையத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 640 மெகாவாட்டில் பத்து ஃபிரான்சிஸ் யூனிட். 2009 ஆகஸ்ட் 17 அன்று இரண்டாம் யூனிட்டின் டர்பைன் மூடியைப் பிடித்திருந்த போல்ட்டுகள் அறுந்து, தண்ணீர் யூனிட்டையே மேலே தூக்கி எறிந்தது. 75 பேர் இறந்தார்கள். அந்த யூனிட்டை லோடுக்கு ஏற்றபடி மாற்றி மாற்றி ஓட்டியதில் தடை மண்டலத்தைத் திரும்பத் திரும்பக் கடக்க வேண்டியிருந்தது. அதிர்வு ஏற்கெனவே அதிகம். போல்ட்டுகளில் உலோகக் களைப்பு. விபத்துக்கு நிர்வாகக் குறைகளும் உண்டு, டர்பைன் வகையை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் ஃபிரான்சிஸை அதன் இயல்புக்கு எதிராக ஓட்டினால் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை நம் துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதிர்வு மீட்டரைப் பார்த்துவிட்டு 'எப்போதும் இப்படித்தான்' என்று கடந்துபோகக் கூடாது.

பவானிக்கரை:

ஐயா, இதில் எனக்கு மறுப்பே இல்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மேட்டூர் அணையின் அடியில் இருக்கும் மின் நிலையத்தில் ஃபிரான்சிஸ். அணை 120 அடி நிரம்பியிருக்கும்போது ஒரு ஹெட், கோடையில் வேறு ஹெட். ஃபிரான்சிஸ் வடிவமைத்த ஹெட்டில் ஏறக்குறைய 65 சதவீதத்திலிருந்து 125 சதவீதம் வரை தாங்கும். அதற்குக் கீழே போனால் அதே அதிர்வுதான். கப்லானில் கைடு வேனும் இறக்கையும் இரண்டும் திரும்பும். தண்ணீர் குறைந்தால் இறக்கைக் கோணமும் சேர்ந்து மாறி, எஃபிஷியன்சி கோடு ஏறக்குறைய தட்டையாகவே இருக்கும். அதனால்தான் ஆற்று நிலையத்தில் கூடுதல் விலை கொடுத்து இறக்கை திரும்பும் வகையை வாங்குகிறோம். இறக்கை நிலையாக இருக்கும் புரொப்பெல்லர் வகை மலிவு, ஆனால் முழு ஓட்டத்தில் மட்டும்தான் நன்றாக ஓடும்.

மெக்_மூன்றாமாண்டு:

அப்போது பெரிய நிலையங்கள் எல்லாம் ஏன் ஃபிரான்சிஸ்? சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணையில் 700 மெகாவாட்டில் 32 யூனிட், பைஹெத்தானில் 1000 மெகாவாட்டில் 16 யூனிட், எல்லாமே ஃபிரான்சிஸ் என்று படித்தேன்.

சட்லெஜ்கரை:

பெரிய அணைகளின் ஹெட் பெரும்பாலும் 100-லிருந்து 250 மீட்டருக்குள் வரும், தண்ணீரும் ஏராளம். அந்த இடத்தில் வேறு எதுவும் போட்டிக்கு வராது. யூனிட் எண்ணிக்கை அதிகம் என்பதால் லோடு குறைந்தால் சிலவற்றை நிறுத்திவிட்டு மற்றவற்றை முழு லோடில் ஓட்டலாம். மோயாறு ஐயா சொன்ன பாதி லோடு தொல்லைக்கு அதுதான் மருந்து. மறுமுனையில் சுவிட்சர்லாந்தின் பியூட்ரோன் நிலையம், ஹெட் 1869 மீட்டர், ஒவ்வொன்றும் 423 மெகாவாட்டில் மூன்று பெல்டன். அங்கே ஃபிரான்சிஸைக் கனவிலும் நினைக்க முடியாது.

தேயிலைமலை:

வணக்கம் உறவுகளே. நான் இலங்கையில் ஹட்டன் பக்கம். சிறு நீர்மின் நிலையங்களில் வேலை. எங்கள் பக்கத்திலும் இந்தப் பிரிவினை அப்படியே இருக்கிறது. 1950-ல் தொடங்கிய பழைய லக்சபான பெல்டன், மகாவலியின் விக்டோரியா 70 மெகாவாட்டில் மூன்று ஃபிரான்சிஸ்.

நீங்கள் பேசாத ஒரு பகுதி இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் தேயிலைத் தோட்டங்களில் தொழிற்சாலையை ஓட்டச் சின்னச் சின்ன டர்பைன்கள் வைத்திருந்தார்கள். நாட்டு மின்கட்டமைப்பு வந்த பிறகு அநேகமானவை கைவிடப்பட்டுப் புதருக்குள் போய்விட்டன. 1990-களின் நடுவிலிருந்து சிறு நிலையங்கள் திரும்ப உயிர் பெற்று, மின்கட்டமைப்புக்கு மின்சாரம் விற்கின்றன. இந்த அளவில் டர்கோ என்று ஒன்று உண்டு. இங்கிலாந்தில் கெண்டல் நகரத்து கில்க்ஸ் கம்பனி 1919-ல் கொண்டுவந்தது. பெல்டன் போலத் தாரைதான், ஆனால் தாரை ஒரு பக்கமிருந்து சாய்வாக நுழைந்து மறுபக்கம் வெளியேறும். உள்ளே வரும் தண்ணீரும் வெளியேறும் தண்ணீரும் மோதிக்கொள்ளாது. அதனால் அதே விட்டத்துச் சக்கரத்துக்கு இன்னும் தடித்த தாரையை விடலாம், சக்கரம் வேகமாகச் சுற்றும். பெல்டனைவிட எஃபிஷியன்சி கொஞ்சம் குறைவு. 50-லிருந்து 250 மீட்டர் வரை மலை ஓடைகளுக்கு நல்ல தேர்வு. மணலையும் நன்றாகத் தாங்கும்.

ஓடைக்காடு:

இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். கூடலூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலையும் மிளகும் இருக்கிறது. ஓர் ஓடை ஓடுகிறது. ஹெட் 35 மீட்டர், மழைக்காலத்தில் விநாடிக்கு 60 லிட்டர் வரும் என்று ஒருவர் பார்த்துச் சொன்னார். ஒரு விற்பனையாளர் சின்ன கப்லான் தருகிறேன், 90 சதவீதம் எஃபிஷியன்சி என்கிறார். வாங்கலாமா?

தேயிலைமலை:

வேண்டாம் அண்ணே. 35 மீட்டருக்கும் 60 லிட்டருக்கும் கப்லான் பொருந்தாது. இந்தக் குறைந்த ஓட்டத்துக்கு ரன்னர் கையளவாகிவிடும், தாங்க முடியாத வேகத்தில் சுற்ற வேண்டி வரும். இந்த அளவில் யாரும் 90 சதவீதம் தர மாட்டார்கள். உங்கள் ஓடையில் தண்ணீரின் மொத்தச் சக்தியே 20 கிலோவாட் சொச்சம்தான். குழாய் உராய்வு, டர்பைன், பெல்ட், ஜெனரேட்டர் எல்லாம் போக 12 கிலோவாட் கைக்கு வந்தால் நல்ல வேலை.

கிராஸ் ஃப்ளோ பாருங்கள். ஆஸ்திரேலியாவின் மிச்செல், ஹங்கேரியின் பான்கி, ஜெர்மனியின் ஓஸ்பெர்கர் மூவர் பெயரும் அதோடு சேர்ந்து வரும். இரண்டு வட்டுக்கு நடுவே வளைந்த தகடுகள் வைத்த உருளை. தண்ணீர் ஒரு பக்கம் தகடுகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், நடுவெளியைக் கடந்து, மறுபக்கம் திரும்பவும் தள்ளிக்கொண்டு வெளியேறும். உச்ச எஃபிஷியன்சி பெரிய டர்பைன்களை எட்டாது. ஆனால் நுழைவாயிலை மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு என்று பிரித்தால் கால் பங்கு ஓட்டத்திலும் ஓடும். இலை தழை வந்தாலும் வெளியேறும் தண்ணீரே தகடுகளைக் கழுவிவிடும். நேபாளத்தில் கிராமத்துப் பட்டறைகளில் இதைச் செய்கிறார்கள். வெல்டிங் தெரிந்தவர் பழுது பார்க்கலாம்.

இன்னும் மலிவாக வேண்டுமென்றால் சாதாரண சென்ட்ரிஃபியூகல் பம்பைத் தலைகீழாக ஓட்டலாம். கைடு வேன் கிடையாது என்பதால் ஓட்டம் ஒரே அளவில் இருக்கும் இடத்துக்குத்தான் அது. ஓட்டம் குறைந்தால் சடாரென்று விழுந்துவிடும்.

மெக்_மூன்றாமாண்டு:

பம்பைத் தலைகீழாக ஓட்டலாம் என்கிறீர்கள். அப்படியானால் தண்ணீரை மேலே ஏற்றி வைக்கும் காடம்பாறை நிலையத்திலும் அதுதானா?

மோயாறு:

ஆமாம் தம்பி, அடிப்படை அதுதான். காடம்பாறையில் 100 மெகாவாட்டில் நான்கு யூனிட், மீளும் வகை ஃபிரான்சிஸ். மின்சாரம் மிச்சமிருக்கும் நேரத்தில் மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்திலிருந்து காடம்பாறைக்குத் தண்ணீரை ஏற்றி, தேவைப்படும் நேரத்தில் அதே ரன்னர் மறுதிசையில் சுற்றி மின்சாரம் தரும். பெல்டனால் இது முடியாது. காற்றில் சுற்றும் சக்கரம் தண்ணீரை எப்படி மேலே தள்ளும்? மூழ்கியிருக்கும் ரன்னர்தான் இரண்டு வேலையும் செய்யும். பம்பாக ஓடும்போது கேவிடேஷன் இன்னும் கடுமை. அதனால் ரன்னரைக் கீழ்த்தேக்க மட்டத்துக்கு நல்ல ஆழத்தில் வைக்க வேண்டும். இத்தகைய நிலையங்களை நிலத்துக்கு அடியில் குடைவதற்கு அது ஒரு பெரிய காரணம். குந்தாவில் 125 மெகாவாட்டில் நான்கு யூனிட்டாக இதே வகையில் திட்டமிட்டிருக்கிறார்கள். சூரிய மின்சாரமும் காற்றாலையும் கூடக் கூட இந்த வகைக்குத்தான் இனி வேலை அதிகம். படித்து முடித்துவிட்டு இந்தப் பக்கம் வா.

ஓடைக்காடு:

தேயிலைமலை அண்ணன் சொன்னபடி கிராஸ் ஃப்ளோ விசாரிக்கிறேன். 60 லிட்டர் என்பது மழைக்காலக் கணக்கு. கோடையில் எவ்வளவு வரும் என்று தெரியாமல் எதையும் வாங்கக் கூடாது என்று இங்கே படித்ததிலிருந்து தோன்றுகிறது. அதை நானே அளக்க முடியுமா?

தேயிலைமலை:

தாராளமாக அளக்கலாம். ஓடையின் குறுக்கே பலகை வைத்து, அதில் 90 டிகிரி கோணத்தில் வி வடிவத்தில் வெட்டுங்கள். விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும், பக்கத்திலும் அடியிலும் கசியக் கூடாது, தண்ணீர் வெட்டின் மறுபக்கம் சுதந்திரமாக விழ வேண்டும். பலகைக்குக் கொஞ்சம் மேலே, தண்ணீர் சலனமில்லாத இடத்தில் ஒரு அளவுகோலை நட்டு, வெட்டின் அடிமுனையிலிருந்து தண்ணீர் மட்டம் எவ்வளவு உயரம் என்று பாருங்கள். 20 சென்டிமீட்டர் இருந்தால் விநாடிக்கு 25 லிட்டர். 28 சென்டிமீட்டரைத் தாண்டினால் 60 லிட்டர் அளவில் இருக்கும். வாரம் ஒருமுறை எழுதி வையுங்கள், மார்ச் ஏப்ரலை விட்டுவிடாதீர்கள். உங்கள் ஓடைக்குக் கீழே யார் தண்ணீர் எடுக்கிறார்கள் என்பதையும் பார்த்து, அனுமதி விஷயத்தை உள்ளூர் அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சட்லெஜ்கரை:

ஓடைக்காடு நண்பரே, அளவுகள் வந்ததும் இங்கேயே போடுங்கள். கோடையில் 15 லிட்டருக்கு மேல் நின்றால் ஒரே கிராஸ் ஃப்ளோ போதும். அதற்கும் கீழே போனால், அந்த மாதங்களுக்கு மட்டும் ஒரு சின்ன டர்பைனைத் தனியாக வைப்பது லாபமா என்று சேர்ந்து கணக்குப் பார்க்கலாம். குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.